கோர் பெட்டிகளைக் கொட்டாதீர்கள்: கனிம ஆய்வுத் திட்டப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

திட்ட இயக்குநர் அவர்களுக்கும், ஆய்வுப் பிரிவை வழிநடத்தும் மூத்த அலுவலர்களுக்கும்,

காரைக்குடிக்கு வெளியே வாடகைக்கு எடுத்திருக்கும் தகரக் கொட்டகையை இந்த மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும், அங்கே நமது கிராஃபைட் ஆய்வுத் துளைகளில் எடுத்த பாறைத்தண்டுகளை அடுக்கியிருக்கும் கோர் பெட்டிகளில் "தேவையற்றவற்றை" அப்புறப்படுத்த வேண்டும் என்று தாங்கள் அனுப்பிய சுற்றறிக்கையைப் படித்தேன். அதில் காரணம் ஒரே வரியில் இருக்கிறது: "தரவுகள் அனைத்தும் கணினியில் பதிவேற்றப்பட்டுவிட்டன." பெட்டிகள் எங்கே போகும் என்று கொட்டகைக் காவலரிடம் கேட்டேன். "கல்லை ரோட்டுப் பள்ளத்துக்கு அள்ளிக்கொண்டு போவார்களாம் அம்மா, பெட்டித் தகரத்துக்கு இரும்புக் கடையில் விலை பேசியாகிவிட்டது" என்றார்.

இந்த முடிவை என்னால் ஏற்க முடியாது. அந்தப் பெட்டிகளில் பெரும்பகுதியைக் குனிந்து பார்த்து, தண்ணீர் தெளித்துக் கழுவி, லென்ஸ் வைத்துப் பதிவு எழுதியவள் நான். அந்தப் பதிவுகளைக் கொண்டு தலைமையகத்தில் கணினியில் செய்த, நிலத்தடிக் கிராஃபைட் அடுக்கின் முப்பரிமாண மாடலைச் சரிபார்க்கும் வேலையும் பின்னர் என்னிடமே வந்தது. கணினியில் என்ன ஏறியிருக்கிறது, என்ன ஏறாமல் கொட்டகையிலேயே கிடக்கிறது என்பது எனக்குத் தெரியும். மின்னஞ்சலில் இதைச் சொல்லிப் பார்த்தேன், பதில் வரவில்லை. ஆகவே வெளிப்படையாக எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரையும் யாருடைய பெயரையும் குறிப்பிடப் போவதில்லை. எனக்கு வேண்டியது பெட்டிகள்.

இதை வாசிக்கும் வெளியாட்களுக்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும். போர்வெல் லாரி பாறையை இடித்துத் தூளாக்கி வெளியே ஊதித் தள்ளும். கனிம ஆய்வுக்குப் போடும் துளை அப்படிப்பட்டதல்ல. நடுவில் ஓட்டையுள்ள வைர முனை பாறையை வளையமாக அறுத்துக்கொண்டே இறங்க, உள்ளே நிற்கும் பாறைத்தண்டு குழாய்க்குள் முழுசாக ஏறி வருகிறது. அதுதான் கோர். நமது துளைகளில் மேற்பகுதி 63.5 மில்லிமீட்டர் விட்டம், ஆழத்தில் 47.6 மில்லிமீட்டர். வெளியே எடுத்த தண்டைப் பெட்டியின் தடங்களில் வரிசையாக வைத்து, ஒவ்வொரு முறை குழாய் மேலே வந்ததற்கும் ஆழம் எழுதிய கட்டை ஒன்றைச் செருகுவோம். பிறகு நீளவாக்கில் இரண்டாக அறுப்போம். ஒரு பாதி ஆய்வகத்துக்குப் போய் அரைபடும். மறுபாதி பெட்டியிலேயே இருக்கும். நாளைக்கு யாராவது "உண்மையா?" என்று கேட்டால் எடுத்துக் காட்ட உலகம் முழுக்கப் பின்பற்றும் நடைமுறை அது.

கிராஃபைட் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. சிவகங்கைப் பக்கத்துச் செதில் கிராஃபைட்டை அரசு நிறுவனம் பல ஆண்டுகளாக வெட்டிச் சுத்திகரித்து வருகிறது. அந்தத் தாதுவில் நிலைக் கரிமம் (ஈரம், ஆவியாகும் பொருள், சாம்பல் நீங்கலான கரிமம்) சராசரியாக 14 விழுக்காடு அளவில் இருக்கிறது. நான் பேசுவது அந்தச் சுரங்கத்தைப் பற்றி அல்ல; நாம் துளை போட்டுப் பார்த்த, இன்னும் யாரும் வெட்டாத நிலத்தைப் பற்றி.

முதலில் பூஜ்யங்களின் கதை. கிராஃபைட் நகத்தால் கீறினாலே உதிரும் அளவுக்கு மென்மையான கனிமம். துளையிடும்போது பாயும் தண்ணீர் கடினமான குவார்ட்ஸை விட்டுவிட்டு மென்மையானதை அரித்துக்கொண்டு போகும். அதனால் எந்தப் பகுதியைத் தேடித் துளை போட்டோமோ, அந்தப் பகுதியில்தான் கோர் குறைவாகக் கிடைக்கும். ஒரு துளையில் 54 மீட்டரிலிருந்து 57 மீட்டர் வரை மூன்று மீட்டர் ஓட்டத்தில் (குழாய் ஒரு முறை இறங்கி ஏறும் நீளம்) கையில் வந்தது ஒரு மீட்டருக்குச் சற்றே அதிகம். மீதியை மாதிரியாக எடுக்க முடியவில்லை, ஆய்வு முடிவும் இல்லை. பதிவேற்றியவர்கள் அந்த வெற்றுக் கட்டங்களில் பூஜ்யம் போட்டுவிட்டார்கள். "மாதிரி இல்லை" என்பதும் "கிராஃபைட் இல்லை" என்பதும் மென்பொருளுக்கு ஒன்றல்ல. வெற்றிடம் என்றால் அது அக்கம்பக்கத்தைப் பார்த்து மதிப்பிடும். பூஜ்யம் என்றால் அதை உண்மை என்று எடுத்துக்கொண்டு பக்கத்து மதிப்பையும் சேர்த்துக் கீழே இழுக்கும். விளைவு, மாடலில் கிராஃபைட் படுகையின், அதாவது கிராஃபைட் உள்ள கறுப்புப் பாறை அடுக்கின், நடுவில் ஒரு மலட்டு ஓட்டை. அந்தப் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஆழக் கட்டையின் பக்கவாட்டிலும் தடத்தின் அடியிலும் அப்பியிருக்கும் சேற்றைத் தொட்டால் விரல் கறுக்கும்.

இதன் மறுபக்கமும் உண்டு. கோர் அரைகுறையாகக் கிடைத்த இடங்களில் ஆய்வகத்துக்குப் போனது அரிபடாமல் மிஞ்சிய குவார்ட்ஸ் துண்டுகள். அவற்றின் கரிம அளவீட்டை முழு ஓட்டத்துக்கும் பரப்பியிருக்கிறார்கள். எந்த இடத்தில் எவ்வளவு கோர் கிடைத்தது என்ற பத்தி தரவுத்தளத்தில் இருக்கத்தான் செய்கிறது. மாடல் செய்தபோது அதை யாரும் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

அடுத்தது, "தேவையற்றவை" என்ற சொல். அந்தப் பட்டியலை வாங்கிப் பார்த்தேன். கறுப்புப் படுகைக்கு மேலும் கீழும் உள்ள பெட்டிகள் எல்லாம் அதில் அடக்கம். கிராஃபைட் இல்லாத கல் எதற்கு என்ற எண்ணம் போலும். ஐயா, படுகையின் வடிவத்தை நமக்குச் சொல்வது அந்தக் கிராஃபைட் இல்லாத கல்தான்.

7-ஆம் துளையிலும் 11-ஆம் துளையிலும் கறுப்புப் படுகை வெட்டுப்பட்டது. இரண்டிலும் தடிமன் ஏறக்குறைய சமம், கரிம அளவீடும் சமம். மாடலில் இரண்டையும் இணைத்து வழவழப்பான ஒரே பாளம் வரைந்திருக்கிறார்கள். புள்ளிகளைக் கொடுத்தால் அவற்றுக்கு இடையே அழகான வளைபரப்பை இழுத்துக் கொடுப்பது இன்றைய மென்பொருளுக்கு ஒரு நிமிட வேலை. அந்த இரண்டு புள்ளிகளும் ஒரே படுகையைச் சேர்ந்தவையா என்று அது கேட்காது. கேட்க வேண்டியவர்கள் நாம். 7-இல் படுகைக்கு மேலே இருப்பது சிவப்புக் கார்னெட் மணிகளும் நார் நாரான சில்லிமனைட்டும் கொண்ட நைஸ் என்ற வரி வரியான பாறை. 11-இல் மேலே இருப்பது வெளிர்பச்சை டயாப்சைடு கனிமம் நிறைந்த கால்க் கிரானுலைட் என்ற பாறை. ஒன்று ஆதியில் களிமண் படிவாக இருந்தது, மற்றொன்று சுண்ணாம்பு கலந்த படிவு. அக்கம்பக்கம் இப்படி மாறியிருக்கும்போது நடுவில் உள்ள கறுப்பு ஒன்றேதான் என்று எதை வைத்துச் சொல்கிறோம்? தனித்தனியான இரண்டு படுகைகளாக இருக்கலாம். பாறை உடைந்து நகர்ந்த பிளவு ஒன்று நடுவில் ஓடியிருக்கலாம். மடிப்பாகவும் இருக்கலாம்.

மடிப்பு என்பதற்குச் சான்றும் இருக்கிறது. 11-ஆம் துளையில் படுகைக்குக் கீழே உள்ள சில பெட்டிகளில் பாறையின் அடுக்கு வரிகள் கோரின் அச்சோடு கிட்டத்தட்ட இணையாக ஓடி, சட்டென்று திரும்பி, கையகலத்துக்குள் மேலும் கீழுமாக நெளிகின்றன. பெரிய மடிப்பொன்றின் முதுகுக்கு அருகே இருக்கிறோம் என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி கோரில் கிடைப்பது அரிது. தென்னகத்துக் கிரானுலைட் நிலப்பரப்பு மிக ஆழத்தில் வெந்து, மீண்டும் மீண்டும் மடிந்த பாறை. இங்கே நேரான பாளம் இருந்தால்தான் ஆச்சரியப்பட வேண்டும். இதையெல்லாம் பதிவில் எழுதியிருந்தேன். ஆனால் கணினிப் படிவத்தில் கார்னெட் நைஸுக்கும் கால்க் கிரானுலைட்டுக்கும் சேர்த்து "நைஸ்" என்ற ஒரே குறியீடுதான் இருந்தது. விவரம் முழுவதும் "குறிப்பு" என்ற கடைசிக் கட்டத்துக்குள் போயிற்று. எழுத்து நீளம் என்று சொல்லி, பதிவேற்றும்போது அந்தக் கட்டத்தையே விட்டுவிட்டார்கள். தரவு அனைத்தும் கணினியில் இருக்கிறது என்ற வரியைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்ததற்குக் காரணம் இதுதான்.

சாய்வையும் சொல்லிவிடுகிறேன். படுகை கோரின் அச்சோடு 30 பாகைக் கோணத்தில் வெட்டுப்பட்டால், கோரில் 10 மீட்டர் நீளும் கறுப்பு உண்மையில் 5 மீட்டர் தடிமன்தான். நமது அறிக்கையின் அட்டவணையில் கோரில் அளந்த நீளமே தடிமன் என்று அச்சாகியிருக்கிறது. தொடக்கத்தில் போட்ட துளைகள் ஆழத்தில் எந்தப் பக்கம் வளைந்தன என்றும் அளக்கவில்லை. அடுக்குப் பாறையில் துளை அடுக்குக்குச் செங்குத்தாகத் திரும்பப் பார்க்கும் என்பது டிரில்லர் ஒவ்வொருவருக்கும் தெரிந்ததே. மாடலில் அவை குச்சி போல் நேராக நிற்கின்றன. கோரிலுள்ள அடுக்குக் கோணங்களை மறுபடி அளந்தால் இவற்றில் ஓரளவையாவது சரிசெய்யலாம். பெட்டி போய்விட்டால் அதற்கும் வழியில்லை. அடர்த்தி விஷயமும் அப்படித்தான்: மேலே மக்கி வெளுத்த பாறைக்கும் கீழே உறுதியாக இருக்கும் பாறைக்கும் ஒரே எண்ணைப் பெருக்கி டன் கணக்குச் சொல்லியிருக்கிறோம். ஒரு தராசும் ஒரு வாளித் தண்ணீரும் போதும், கோர் துண்டுகளை எடை போட்டே திருத்திவிடலாம்.

செதிலின் அளவை எந்த எண்ணாலும் ஈடு செய்ய முடியாது. கிராஃபைட்டின் விலை கரிம விழுக்காட்டை மட்டும் பொறுத்ததல்ல. பெரிய செதிலுக்கு ஒரு விலை, பொடிச் செதிலுக்கு வேறு விலை. உலைச் செங்கலுக்குப் போவது ஒன்று, உருட்டிக் கோளமாக்கி லித்தியம் அயனி பேட்டரியின் எதிர்மின்முனைக்குப் போவது இன்னொன்று. ஆய்வகத்துக்கு அனுப்பிய பாதி மாவாக அரைபட்டுவிட்டது. மாவில் செதிலின் இயல்பான அளவைத் தேட முடியாது. அது தெரிவது பெட்டியில் இருக்கும் பாதியில், மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தால். மின்வேதியியலுக்கான மத்திய ஆராய்ச்சி நிறுவனம் இதே காரைக்குடியில், அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் 1953 முதல் இயங்குகிறது. பேட்டரி ஆய்வு நடக்கும் ஊரில் பேட்டரிக் கனிமத்தின் சான்றைப் பள்ளத்தில் கொட்டப் போகிறோம்.

இந்தப் பக்கத்துக்காரர்களுக்குக் கணக்கு புரியும் என்பதால் ஒன்று சொல்கிறேன். பர்மாவிலும் மலேயாவிலும் கடை நடத்திய நகரத்தார், ஊருக்கு ஐந்தொகை என்ற இறுதிக் கணக்கு வந்து சேர்ந்துவிட்டது என்பதற்காக அன்றாட வரவு செலவு எழுதிய சிட்டையைக் கிழித்துப் போடச் சொன்னதில்லை. ஐந்தொகையில் சந்தேகம் வந்தால் பேரேட்டுக்குப் போக வேண்டும், பேரேட்டில் சந்தேகம் வந்தால் அன்றைய சிட்டைக்குப் போக வேண்டும். நமது மாடல் ஐந்தொகை. கொட்டகையில் இருப்பது சிட்டை.

சான்று இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதைக் கனிமத்துறை ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறது. இந்தோனேசியாவின் புசாங்கில் மாபெரும் தங்கப் படிவு கண்டதாகச் சொன்ன கனடா நிறுவனமான பிரீ-எக்ஸ், கோரை நீளவாக்கில் அறுத்துப் பாதியை வைத்துக்கொள்ளும் வழக்கத்தைக் கைவிட்டு, ஏறக்குறைய முழுவதையும் அரைத்து ஆய்வகத்துக்கு அனுப்பியது. அரைத்த தூளில் தங்கம் கலக்கப்பட்டிருந்தது 1997-இல் வெளியாயிற்று. அம்பலமானது எப்படி? வேறொரு நிறுவனம் அதே துளைகளுக்குப் பக்கத்திலேயே புதிதாகத் துளை போட்டுப் பார்த்தபோது சொல்லும்படியாக எதுவும் கிடைக்கவில்லை. நம் திட்டத்தில் யாரும் மோசடி செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படி ஒரு சந்தேகமும் எனக்கு இல்லை. நாளைக்கு முதலீட்டாளரோ அரசோ கேட்டால் நேர்மையை நிரூபிக்க நம் கையில் என்ன இருக்கும் என்றுதான் கேட்கிறேன்.

வாடகை கூடிவிட்டது என்பது எனக்கும் தெரியும். தொடக்க காலத்து மரப் பெட்டிகளைக் கரையான் அரித்திருக்கிறது, சில பெட்டிகளில் தடங்கள் கலந்துவிட்டன, ஐப்பசி மழையில் ஒரு மூலை ஒழுகுகிறது. எல்லாவற்றையும் காலமெல்லாம் கட்டிக் காக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தடம் புரண்டு ஆழம் தெரியாமல் போனவற்றைக் கழிக்கலாம். ஒரே மாதிரி நீளும் பாறையில் மீட்டருக்கு ஒரு சாண் துண்டை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு மீதியை விடலாம். ஆனால் எதைக் கழிப்பது என்பதை, கோரைப் பார்த்தவர்கள் பெட்டி பெட்டியாகப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். வாடகைக் கணக்குப் பார்ப்பவர் நெடுவரிசையை எண்ணி முடிவு செய்யும் காரியமல்ல அது. ஒரு மீட்டர் கோர் எடுக்கப் பல ஆயிரம் ரூபாய் செலவழித்திருக்கிறோம். இன்னொரு முறை எடுக்க அதைவிடக் கூடுதலாகும்.

புகைப்படம் இருக்கிறதே என்பார்கள். பார்த்திருக்கிறேன். தகரக் கூரையின் நிழல் பாதிக் கோரில் விழ, காய்ந்த கல்லைக் கைப்பேசியில் எடுத்த படங்கள். ஈரமாக்கி எடுக்காத கோரில் கார்னெட்டும் தெரியாது, அடுக்கும் தெரியாது. பல படங்களில் ஆழக் கட்டையின் எழுத்தைப் படிக்கவே முடியவில்லை.

பெட்டிகளோடு இன்னொன்றும் போகப் போகிறது, சுற்றறிக்கையில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. டிரில்லர்கள் அன்றாடம் எழுதிய தாள்கள் அட்டைப் பெட்டிகளில் அதே கொட்டகையில் இருக்கின்றன. எந்த ஆழத்தில் முனை தடுமாறியது, எந்த ஆழத்தில் தண்ணீர் திரும்பி வராமல் பாறைக்குள்ளேயே போயிற்று என்பதெல்லாம் அவற்றில் உண்டு. தண்ணீர் மறைந்த இடம் என்றால் அங்கே வெடிப்புப் பாறை. பிளவுக் கோடுகளை வரைய இதைவிட நேரடியான ஆதாரம் நமக்கு இல்லை. கண்மாய் வறண்டால் கிணற்றை நம்பும் விவசாயிக்கும் அந்தத் தகவல் தேவைப்படும். பட்டா நிலத்தில் துளையிடும் ரிக் இயந்திரத்தை இறக்க இடம் கொடுத்த குடும்பங்கள், "எங்கள் நிலத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று முடிந்ததும் சொல்லுங்கள்" என்றுதான் கேட்டார்கள். வரப்பு மிதிபட்டதற்கு இழப்பீடு கொடுத்தோம். பதிலை இன்னும் கொடுக்கவில்லை.

2023-இல் ஒன்றிய அரசு வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் கிராஃபைட் இருக்கிறது. அதே ஆண்டு சுரங்கச் சட்டம் திருத்தப்பட்டது. நாட்டின் நிலவியல் தரவுகளை ஓரிடத்தில் திரட்டித் தரும் தேசியத் தரவுக் களஞ்சியமும் டிசம்பரில் திறக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் தனியார் போட்ட துளைகளின் கோரையும் அரசே பெரிய நூலகம் கட்டிப் பாதுகாத்து, கேட்பவர்களுக்குப் பெட்டியைத் திறந்து காட்டுகிறது. நாம் இன்னும் கொட்டகை வாடகைக்கே தடுமாறுகிறோம்.

ஆகவே நான் கேட்பவை இவை. சுற்றறிக்கையை எழுத்து மூலம் நிறுத்தி வையுங்கள். கொட்டகைக் காவலருக்கும் இரும்புக் கடைக்காரருக்கும் அது போய்ச் சேர வேண்டும். கோரைப் பதிவு செய்த அனுபவமுள்ள மூன்று பேரைக் கொண்ட சிறு குழுவை அமைத்து, கழிக்க வேண்டியது எது, வைத்திருக்க வேண்டியது எது என்று அவர்களைக் கொண்டு பட்டியல் எடுங்கள். 7, 11 ஆகிய துளைகளையும், படுகை இணைப்பில் சந்தேகமுள்ள மற்றவற்றையும் அவர்கள் மறுபதிவு செய்யட்டும். கார்னெட் நைஸுக்கும் கால்க் கிரானுலைட்டுக்கும் தனித்தனிக் குறியீடு கொடுங்கள், விட்டுப்போன குறிப்புக் கட்டத்தைத் தரவுத்தளத்தில் ஏற்றுங்கள், ஆதாரமில்லாத பூஜ்யங்களை வெற்றிடமாக மாற்றுங்கள். கழிக்கப் போகும் ஒவ்வொரு பெட்டியையும் ஈரத்திலும் காய்ந்த நிலையிலும், அளவுகோலும் ஆழக் கட்டையும் தெரியும்படி படமெடுத்து, அடர்த்திக்கும் செதில் அளவுக்கும் துண்டு எடுத்து வைத்த பிறகே வெளியே அனுப்புங்கள். டிரில்லர்களின் தாள்களை ஒன்று விடாமல் ஸ்கேன் செய்யுங்கள்.

வாடகைதான் தடை என்றால், நிலவியல் துறையுள்ள பல்கலைக்கழகம் ஒன்றுக்கோ அரசின் கோர் காப்பகத்துக்கோ இவற்றை ஒப்படைக்க எழுதிக் கேளுங்கள். படிக்கும் பிள்ளைகளுக்குக் கோரைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு இந்த மாவட்டத்தில் அரிது. மறுக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

மாடல் திருத்தப்படும்வரை இப்போதைய டன் கணக்கை எந்த ஏலத்துக்கும், எந்த முதலீட்டாளருக்கும் கொடுக்க வேண்டாம். கொடுத்தே ஆக வேண்டும் என்றால், எந்தப் பகுதி துளையில் பார்த்தது, எந்தப் பகுதி மென்பொருள் இழுத்த கோடு என்பதை வரைபடத்திலேயே வேறு நிறத்தில் காட்டுங்கள். நிலம் கொடுத்த ஊர்களில் ஒரு கூட்டம் போட்டு, கண்டதைத் தமிழில் சொல்லுங்கள்; கண்டது நிச்சயமில்லை என்றால் அதையும் சொல்லுங்கள்.

மறுபதிவுக்கு நான் வருகிறேன், அதற்குத் தனி ஊதியம் வேண்டாம். லாரி வரும் தேதி 25 என்று காவலர் சொன்னார். அதற்கு முன்பாக, நிறுத்தி வைக்கிறீர்களா இல்லையா என்று எழுத்தில் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
இத்திட்டத்தின் கோர் பதிவு செய்த நிலவியலாளர்,
காரைக்குடி